தேங்காயெண்ணெயில் ஓடிய எஞ்சின்

வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று சட்டம் வந்த வருசத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் செய்யும் எஞ்சின் வந்து சேர்ந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசி வீட்டில் இருந்தோம். மின்சாரக் கம்பங்கள் ஒழுங்கையின் பாதியோடு நின்றுவிட்டன. மிச்சக் கம்பங்களை நடுவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் கடதாசி ஒட்டி, இருந்த ஒரே அரிக்கன் லாம்புக்கும் பேணித் தகரத்தில் தொப்பி செய்து போட்டு, அரை இருட்டில் சோறு சாப்பிட்ட வீட்டுக்கு எதற்காக எஞ்சின் என்று எனக்கு விளங்கவில்லை.

பெரியவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு மறுமொழி வந்தது. பிறகு தேவைப்படும் என்றார் அப்பா. இனி உலகமே மின்சாரத்தில்தான் நடக்கப்போகிறது, நாங்கள் பின்னுக்கு நிற்கக்கூடாது என்றார் சித்தப்பா. அவர் அப்பாவின் தம்பி, துறைமுகக் கந்தோரில் கிளாக்கர், எங்களோடுதான் இருந்தார். அம்மா என்னை விளையாடப் போகச் சொன்னாள். ஆனால் எஞ்சின் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அம்மாதான்.

அம்மா மலாயாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். தாத்தாவுக்கு அங்கே ரயில்வேயில் உத்தியோகம். அப்பாவும் கல்யாணம் முடித்து அங்கேதான் வேலை பார்த்தார். ரப்பர் விலை விழுந்து ஆட்களை நிற்பாட்டியபோது அப்பாவுக்கும் வேலை போயிற்று. அப்பாவும் அம்மாவும் கொழும்புக்குக் கப்பலேறினார்கள். சின்னப் பிள்ளையாயிருந்த அண்ணாவைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு வந்தார்கள். வேலை கிடைத்ததும் கூப்பிடுவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு அரசாங்க வேலை கிடைத்தது, நானும் பிறந்தேன், அண்ணா மட்டும் வரவில்லை. பேரனைப் பிரிய முடியாது என்று தாத்தா எழுதினார். பிறகு பள்ளிக்கூடச் சோதனை முடியட்டும் என்றார்கள். பிறகு கப்பல்கள் ஓடாமல் போயின.

எனக்கு அண்ணா என்றால் சுவரில் தொங்கும் ஒரு படம். அரைக்காற்சட்டை போட்டு, கதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, யாரோ அதட்டியதுபோல விழித்துக்கொண்டிருப்பார். அம்மா மலாயா ஊர்ப் பெயர்களை எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். கிள்ளான், கிளந்தான், சிரம்பான், தைப்பிங் என்று பாடிக்கொண்டு நான் முற்றத்தில் கயிறடிப்பேன். அண்ணா இருக்கும் கிள்ளானின் பெயரை நான் பிழையாகச் சொல்லவே மாட்டேன்.

அண்ணாவிடமிருந்து மாதாமாதம் வந்த கடிதம் நின்றுபோனதைத் தபால் பிந்துகிறது என்று எனக்குச் சொன்னார்கள். மலாயா ஜப்பான்காரரிடம் விழுந்துவிட்டதை யாரும் சொல்லவில்லை. ஊர் எப்படி விழும் என்று நான் கேட்டுவிடுவேன் என்ற பயமாக இருக்கலாம்.

அந்த நாட்களில் அம்மாவுக்கு ரேடியோப் பைத்தியம் பிடித்தது. அதற்கு முன்னால் பாட்டு வந்தால்கூட, தலையிடிக்கிறது, நிற்பாட்டுங்கோ என்பவள் அவள். இப்போது பின்னேரமானால் கதவைச் சாத்தி, ரேடியோவின் மேல் கம்பளியைப் போர்த்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு இருப்பாள். கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் தமிழில் யுத்தச் செய்தி வாசிப்பார். யார் யாரோ தோற்றுப்போனதாகச் சந்தோசமாகச் சொல்வார். அதன்பிறகு வேறு குரலில் ஒருவர், இன்னார், இன்ன ஊரிலிருந்து, இலங்கையிலோ இந்தியாவிலோ இருக்கிற தன் குடும்பத்துக்குச் சொல்லும் சேதி என்று ஒவ்வொன்றாக வாசிப்பார். அதற்காகத்தான் அம்மா காத்திருந்தாள். அது எதிரியின் வானொலி என்பதோ, அதைக் கேட்பது தெரியவந்தால் அப்பாவின் வேலைக்கே உலை வைக்கும் என்பதோ எனக்குத் தெரியாது. ஏன் இவ்வளவு மெதுவாக வைக்கிறீர்கள் என்று கேட்டபோது, ரேடியோவுக்குத் தடிமன், தொண்டை அடைத்துவிட்டது, வெளியில் ஒருவருக்கும் சொல்லாதே என்றார் சித்தப்பா. நான் அதை நம்பி ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன்.

எங்கள் ரேடியோ பற்றரியில் ஓடுவது. பற்றரி இறங்கினால் அப்பா அதைச் சைக்கிளில் கட்டிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோவார். அங்கே சோடாக் கொம்பனி வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியை நாங்கள் எல்லோரும் நானா என்போம். அவருடைய கொம்பனியில் ஒரு டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அதிலே எங்கள் பற்றரியையும் ஏற்றித் தருவார். சல்லி வாங்கமாட்டார். அப்பா அவருடைய பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர்.

அப்படியிருக்கும்போதுதான் கொழும்பில் குண்டு விழுந்தது. ஒரு கிழமைக்குள் எங்கள் ஒழுங்கை வெறுமையாயிற்று. யாழ்ப்பாண ரயிலில் ஜன்னல் வழியாகப் பிள்ளைகளை ஏற்றினார்கள். அரசாங்க உத்தியோகத்தர்கள் நகர முடியாது; பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டுத் தனியே இருந்தார்கள். அப்பாவும் எங்களை அனுப்ப ஆயத்தம் செய்தார். என்னுடைய உடுப்பெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. அம்மா குசினி வாசலில் நின்று சொன்னாள்:

"நான் வரேல்லை. ரேடியோ இஞ்சதானே இருக்கு. ஊரில பற்றரி ஏத்த ஆளில்லை."

அப்பா கன நேரம் கதைத்தார். ஊரில் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்றார், இங்கே இன்னொருமுறை விழுந்தால் என்ன செய்வது என்றார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கடைசியில் பெட்டியிலிருந்து என் உடுப்பெல்லாம் திரும்ப வெளியே வந்தன. எனக்கு ரயிலில் போக ஆசை. ஒரு ரேடியோவுக்காக என்னைக் குண்டுக்குள் வைத்திருக்கிறாளே என்று அம்மாமேல் கோபமாக இருந்தது.

நானாவும் கொழும்பை விட்டுப் பேருவளைக்குப் போக முடிவுசெய்தார். இனிப் பற்றரி ஏற்ற ஆளில்லை. காலி வீதியில் அந்த வேலை செய்த கடைக்காரர் முன்னமே பூட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பா வந்து சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, அப்படியென்றால் அந்த எஞ்சினை நானா என்ன செய்யப்போகிறார் என்பதுதான்.

இரண்டு மாட்டுவண்டில்களில் அது வந்தது. ஒன்றில் எஞ்சின், மற்றதில் வண்டிச் சக்கரம்போல அதன் இரண்டு பெரிய சில்லுகள், டைனமோ, தோல் பட்டி, தண்ணீர்ப் பீப்பா. காலையில் கொட்டாஞ்சேனையில் புறப்பட்டது பின்னேரம்தான் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. நானாவும் கூடவே வந்திருந்தார். ஆட்கள் கம்பு கொடுத்து இறக்கும்வரை நின்று பார்த்தார். பிறகு எஞ்சினின் முதுகில் கையை வைத்து அப்பாவிடம் சொன்னார்:

"யுத்தம் முடிஞ்சா வந்து எடுத்துக்கிறன் மாஸ்டர். இதுக்குக் கோபம் வந்தா கிட்டப் போகாதீங்க. தன்ட பாட்டில நிக்கட்டும்."

சித்தப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எஞ்சினோடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்திருந்தது. அதை வாசித்துவிட்டு, இது நிமிசத்துக்கு மிகக் குறைவாகச் சுற்றும் எஞ்சின், ஆறுதலான குணம், குழந்தையும் ஓட்டலாம் என்றார். சீமெந்து மேடை கட்டி, அதற்குள் போல்ட்டுகளைப் புதைத்து, காய்ந்தபிறகு எஞ்சினை இறுக்க வேண்டும் என்றும் அதே புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கம் வந்தபோது சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு ரயில் சிலிப்பர்க் கட்டைகளை வாங்கிவந்து கிணற்றடியில் போட்டு அதன்மேல் ஏற்றிவிட்டார்.

அப்பா எஞ்சின் தலையிலிருந்த சின்னப் பிடியைத் தூக்கிப் பிடிக்க, சித்தப்பா கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். சில்லுகள் வேகம் எடுத்ததும் அப்பா பிடியை விட்டார். எஞ்சின் ஒருமுறை இருமியது, பிறகு டொக், டொக், டொக் என்று இடிக்கத் தொடங்கியது. சித்தப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து முடிவதற்குள் எஞ்சின் நடக்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு டொக்குக்கும் கட்டையோடு சேர்ந்து ஒரு எட்டு வைத்தது. தோல் பட்டி கழன்று பறந்து மாமரத்தில் தொங்கியது. எஞ்சின் நேரே குசினிச் சுவருக்குப் போய் முட்டி, செங்கல் இரண்டை உள்ளே தள்ளிவிட்டுத்தான் நின்றது. நான் கிணற்றுக்கட்டின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வந்து, சுவரைப் பார்த்தாள், எஞ்சினைப் பார்த்தாள்.

"பற்றரி ஏறினதோ?" என்று கேட்டாள்.

அடுத்த நாளே மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். சீமெந்து தட்டுப்பாடான காலம். அப்பா எங்கெங்கோ அலைந்து அரை மூட்டை கொண்டுவந்தார். பலகையில் துளைபோட்டுப் போல்ட்டுகளைத் தொங்கவிட்டுக் குழிக்குள் சீமெந்தை ஊற்றினார்கள். அது இறுகும்வரை அம்மா காலையும் மாலையும் அதன்மேல் ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். பூமரத்துக்குக்கூட அவள் அப்படித் தண்ணீர் விட்டு நான் கண்டதில்லை.

பிறகு எஞ்சின் நடக்கவில்லை. ஆனால் டீசல் இல்லை. இருந்ததெல்லாம் இராணுவத்துக்குப் போயிற்று. கூப்பனுக்குக் கிடைத்தது எஞ்சினின் தொண்டை நனையக் காணாது. தட்டுப்பாடு வந்தால் தேங்காயெண்ணெயிலும் ஓடும் என்று நானா சொல்லியிருந்தார். சித்தப்பா டீசலில் அதை எழுப்பி, சூடானதும் தேங்காயெண்ணெயைத் திறந்துவிட்டார். எஞ்சின் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் புகைக்குழாயிலிருந்து வடை பொரிக்கும் வாசம் வந்தது. அரிசிக்கே வரிசையில் நின்ற காலத்தில், எங்கள் வீட்டில் மட்டும் காலையிலிருந்து மத்தியானம்வரை பலகாரம் சுடும் வாசம். காற்று அந்தப் பக்கம் அடித்தால் காலி வீதிவரை போகும். எனக்கே முதல் சில நாட்கள் வாயூறியது. குசினிக்குள் போய்ப் பார்த்துவிட்டு ஏமாந்து வருவேன்.

சித்தப்பாவின் ஆசை வெளிச்சம்தான். விறாந்தையில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று பல்ப் மாட்டினார். கறுப்புக் கடதாசிக்குள் ஒரு பின்னேரம் எஞ்சினை ஓட்டி அவற்றைக் கொளுத்தினார். ஒவ்வொரு டொக்குக்கும் வெளிச்சம் ஒருமுறை கண்சிமிட்டியது. நான் கைதட்டினேன். ஆனால் அம்மா அன்று ரேடியோவைத் திருப்பியபோது அதற்குள் தமிழும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பளம் நொறுக்குவதுபோல ஒரே கரகரப்பு. டைனமோ சுற்றும்போது தெறிக்கும் பொறிதான் ரேடியோவுக்குள் புகுந்து இப்படிச் செய்கிறது என்று சித்தப்பா கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததில் அவருக்குப் பெருமை. அம்மா எழுந்துபோய் விறாந்தைப் பல்ப்பைத் தன் கையாலேயே கழற்றினாள். பகலில் எஞ்சின் ஓடிப் பற்றரி ஏறட்டும், பின்னேரம் எஞ்சின் நிற்கட்டும், பல்ப்புக்கென்று ஒரு சொட்டு மின்சாரமும் எடுக்கக்கூடாது என்று அன்றே தீர்ப்பாயிற்று. வெளிச்சத்துக்காக எஞ்சின் கொண்டுவந்து வெளிச்சம் போடாமல் இருக்கிறார்களே என்று நான் திகைத்துப்போனேன். சித்தப்பாவும் என்னளவுக்குத் திகைத்துத்தான் போனார்.

ஒழுங்கைக்குக் குண்டு வார்டனாக ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். மரியாதையாக வார்டன் மாத்தையா என்போம். தலையில் தகரத் தொப்பியும் கையில் ஒரு விசிலுமாக வருவார். எஞ்சின் இடிக்கிற சத்தத்தில் அபாயச் சங்கு கேட்காது என்று ஏற்கெனவே ஒருமுறை வந்து முறையிட்டிருந்தார். ஒருநாள் நன்றாக இருட்டியபிறகு திரும்பவும் வந்து கதவைத் தட்டினார். நானும் அம்மாவும் உள்ளறையில் கம்பளிக்குள் இருந்தோம். தடிமன் பிடித்த ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்க அப்போதெல்லாம் என்னையும் விட்டிருந்தார்கள். அம்மா ரேடியோவை நிற்பாட்டவில்லை. இன்னும் குறைத்தாள். கம்பளியை எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலாக இழுத்து மூடினாள்.

அப்பா வார்டன் மாத்தையாவை விறாந்தைக் கதிரையில் இருத்தினார். இந்த வீட்டில் களவாகப் பலகாரம் சுட்டு விற்கிறார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதை விசாரிக்க வந்திருந்தார். சித்தப்பாவுக்கு அது நல்ல வாய்ப்பாகப் போயிற்று. எஞ்சின் எப்படித் தேங்காயெண்ணெயைக் குடிக்கிறது என்று சிங்களமும் இங்கிலீஷும் கலந்து, உரத்த குரலில், மேசையில் தட்டித் தட்டி விளக்கத் தொடங்கினார். விறாந்தை முழுக்க அவருடைய குரல்தான்.

உள்ளே ரேடியோவில் குரல் கடலலை மாதிரி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒரு பெயர் வந்து மறைந்தது. அதன் கடைசித் துண்டு மட்டும் கேட்டது, ஏதோ ராசா. அண்ணாவின் பெயரும் ராசா என்றுதான் முடியும். ஊர்ப் பெயர் வந்தது. கொழும்பிலுள்ள தாய் தகப்பனுக்கு, நான் சுகமாக இருக்கிறேன், ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். அதற்குப் பிறகு வேறு ஒருவரின் சேதி தொடங்கிவிட்டது.

அம்மா ரேடியோவை அணைத்தாள். வெளியே வார்டன் மாத்தையா சிரித்து, எழும்பி, விடைபெற்றுப் போகும் சத்தம் கேட்டது. அப்பா லாம்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அப்போதுதான் அம்மா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"உனக்கும் கேட்டதுதானே? எந்த ஊரெண்டு சொன்னவன்?"

நான் பிழையாகச் சொல்லாத பிள்ளை. "கிளந்..." என்று தொடங்கினேன்.

"கிள்ளான்," என்றார் அப்பா. "கிள்ளான் எண்டுதான் சொன்னவன். எனக்கு வெளியில வடிவாக் கேட்டது."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். லாம்பைத் தொப்பியோடு அவர் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்ததால் முகம் சரியாகத் தெரிந்திருக்காது.

"பேரும் கேட்டதோ?"

"ஓம். பேரும் கேட்டது. எங்கட பிள்ளைதான்."

அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா என்னை வெளியே போகச் சொன்னார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் சோறு போட்டாள். தனக்கும் போட்டுக்கொண்டு எங்களோடு இருந்து சாப்பிட்டாள். அப்படி அவள் எங்களோடு சாப்பிட்டுக் கன காலம்.

மறுநாள் சித்தப்பா பற்றரியை ஏற்றிக் கொண்டுவந்து ரேடியோவில் பூட்டினார். பின்னேரமானதும் நான் கம்பளியை எடுத்துக்கொண்டு போய்க் காத்திருந்தேன். அம்மா உள்ளே வரவில்லை. முற்றத்தில் மல்லிகைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றாள். சித்தப்பா போய்க் கூப்பிட்டார்.

"இனி என்னத்துக்கு? கேட்டாச்சுதானே," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அவள் அந்த ரேடியோவைத் திருப்பவில்லை. மற்றவர்கள் திருப்பினாலும் சேதி வாசிக்கும் நேரத்தில் எழுந்து போய்விடுவாள். அப்பா இன்னொருமுறை யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது மறுக்கவில்லை. என் உடுப்புகள் இரண்டாம் முறையாகப் பெட்டிக்குள் போயின. நான் ஆசைப்பட்ட ரயிலில் நானும் அம்மாவும் ஏறினோம். சித்தப்பா ஆசை தீர எல்லா அறைகளிலும் பல்ப் மாட்டியதாகப் பிறகு அறிந்தோம். அந்த வெளிச்சத்தைப் பார்க்க வீட்டில் அப்பாவைத் தவிர ஒருவருமில்லை. அவர் கண்ணுக்குக் குத்துகிறது என்று லாம்பைத்தான் கொளுத்தினாராம்.

யுத்தம் முடிந்து நாங்கள் கொழும்புக்குத் திரும்பினோம். நானா வண்டில்களோடு வந்து எஞ்சினைக் கொண்டுபோனார். மலாயாவிலிருந்து கடிதம் வந்தது. தாத்தா இடையில் காலமாகிவிட்டிருந்தார். அடுத்த வருசம் அண்ணா கப்பலில் வந்து இறங்கினார். படத்திலிருந்த பிள்ளையல்ல, அப்பாவைவிட உயரமான, மெலிந்த, அடிக்கடி மலாய்ச் சொல் கலந்து பேசும் ஒருவர். ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரேடியோவில் எப்படிச் சேதி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அண்ணா விளங்காமல் பார்த்தார். தான் அனுப்பவில்லை, அப்படி அனுப்பலாம் என்பதே தங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்றார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவிடம் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"ஆரோ ஒருத்தன் சொன்னவன்தானே. அவனும் சுகமா இருக்கட்டும்," என்று சொல்லி அண்ணாவின் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால் வந்த கதை. சேதி கேட்ட அந்த இரவில் எனக்கிருந்த குழப்பம் வேறு. ரேடியோவோடு ஒட்டியிருந்த எனக்கே பெயரின் வால்தான் கேட்டது. சித்தப்பா மேசையைத் தட்டிக்கொண்டிருந்த விறாந்தையில் இருந்த அப்பாவுக்கு ஊரும் பேரும் வடிவாகக் கேட்டிருக்கிறது. அப்படியானால் பக்கத்துக் கதிரையில் இருந்த வார்டன் மாத்தையாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். இனி ரேடியோவின் தடிமன் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், பொலிஸ் வரும் என்று நான் பயந்து, படுக்கையில் கண்ணை மூடாமல் கிடந்தேன். அம்மா பக்கத்தில் அசையாமல் நித்திரை கொண்டாள்.

பொலிஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வார்டன் மாத்தையா வழக்கம்போல ஒழுங்கையால் போனார், என்னைக் கண்டு சிரித்தார். நான் யோசித்து யோசித்து, பாவம், மனுசனுக்குக் காது கேளாது என்று கடைசியில் முடிவுக்கு வந்தேன். காது கேளாதவருக்குச் சங்கு கேட்டு விசில் ஊதும் வேலையைக் கொடுத்திருக்கிறார்களே என்று கவலையாகவும் இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் ரயிலேறும்வரை, அவரை எங்கே கண்டாலும் கிட்டப் போய், நன்றாக வாயைத் திறந்து, உரத்துக் கதைத்தேன்.